காப்பர் சுரங்கத்தில் பங்கு என்று கூப்பிட்டால் இதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்

4,80,000 ரூபாய். ஜாம்பியாவில் காப்பர் சுரங்கம், அதில் பங்கு என்று சொல்லி ஒரு ஆன்லைன் முதலீட்டுத் தளம் என்னிடம் வாங்கித் தின்ற தொகை. பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வருமாம், அதனால் போடவில்லை. ‘வெளிநாட்டுச் சுரங்கத்தில் சிறு முதலீடு’ என்று விளம்பரம் வந்தால் இந்த வகையறாதான்.

கோவையில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். காப்பர் கம்பி விலை பார்க்காமல் எனக்குப் பொழுது விடியாது. அது தெரிந்தேதான் அந்தத் தளத்தின் ஆள் போனில் பேசினான். "உங்களுக்கு நான் சொல்லணுமாங்ண்ணா? 2024 மே மாசம் லண்டன் உலோகச் சந்தையில காப்பர் டன் 10,000 டாலரைத் தாண்டுச்சுல்ல?" தாண்டியது நிஜம். அப்புறம் ஒரு எக்செல் தாள் வந்தது. தாது 50 லட்சம் டன், அதில் காப்பர் 1.5 சதவீதம், ஆக 75,000 டன். டன் 9,500 டாலர் என்றால் 71 கோடி டாலர். பெருக்கலில் ஒரு பிழை கிடையாது. அன்று சாயங்காலமே 4,80,000 அனுப்பினேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தருவதாகச் சொன்ன பணம் முதல் தடவையே வரவில்லை. கேட்டால் ஆடிட் நடக்கிறது என்றான், பிறகு அங்கே மழைக்காலம் என்றான். துளை போட்டுத் தாதுவைச் சோதித்த டிரில்லிங் ரிப்போர்ட் கேட்டதற்கு, ஹெல்மெட் போட்ட ஒருவர் பச்சைக் கல்லைத் தூக்கிப் பிடித்திருக்கும் போட்டோ வந்தது. பணம் போகும்வரை ‘அண்ணா’, போனபின் ‘சார்’, இப்போது நீல டிக் மட்டும்.

ஜாம்பியாவின் கிட்வே நகரத்தில் சுரங்கப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். "இது மண்ணுக்குள்ள கிடக்கிற காப்பர் தம்பி. செலவு எங்க?" என்றார். தாதுவிலிருந்து காப்பரைப் பிரிக்கும் ஆலையிலேயே அதில் 10, 15 சதவீதம் கழிவோடு போய்விடுமாம். மிஞ்சுவதை உருக்காலைக்குக் கொடுத்தால் அவர்கள் கூலி பிடிப்பார்கள். ஜாம்பியாவுக்குக் கடற்கரை கிடையாது; ரயிலில் தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகம் போக, ஜாம்பியாவில் ரயில் கிளம்பும் கபிரி ம்போஷியிலிருந்தே 1,860 கிலோமீட்டர். அரசு ராயல்டி, விலை ஏற ஏற 10 சதவீதம் வரை. சுரங்கம் தோண்டவும் ஆலை கட்டவும் ஆகும் மூலதனத்துக்குத் தாளில் ஒரு வரிகூட இல்லை. காலக்கணக்கும் இல்லை: 10 வருஷம் கழித்து வரும் 100 ரூபாய்க்கு, வருஷத்துக்கு 12 சதவீதம் வைத்துக் கழித்தால், இன்றைய மதிப்பு 32 ரூபாய்தான். அடியில் பொடி எழுத்தில் ‘இன்ஃபர்டு ரிசோர்ஸ்’ என்று இருந்தது. இருக்கலாம் என்று ஊகித்த அளவு, அவ்வளவுதான். ‘ரிசர்வ்’ என்றால் லாபத்தோடு தோண்டி எடுக்கலாம் என்று ஆய்வில் தெரிந்த அளவு; ஊகத்தை வைத்து அப்படிச் சொல்லவே கூடாதாம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: ரிசர்வ் எவ்வளவு என்று கேளுங்கள். தனியாள் பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் போடாதீர்கள். நிஜமான வெளிநாட்டுப் பங்கு என்றால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவத்தை வங்கியில் கேட்பார்கள். போட்டுவிட்டீர்களா, உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் அடியுங்கள். மீதியை அப்புறம் எழுதுகிறேன், 4,80,000-க்கான பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குக் கிளம்பணும்.