பன்றியா, பேட்ஜரா, செயற்கை இழையா: உப்புத் தண்ணீர் ஊரில் சவர பிரஷ்

எங்கள் குளியலறை மாடத்தில் இப்போது மூன்று சவர பிரஷ்கள் நிற்கின்றன. பன்றி மயிர் பிரஷ் நானே காசு கொடுத்து வாங்கியது. பேட்ஜர் (வளை தோண்டி வாழும் ஒரு காட்டு விலங்கு) மயிர் பிரஷ் சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா ஊருக்கு வந்தபோது கொடுத்தது. செயற்கை இழை பிரஷ் ரயில் பயணத்துக்கென்று வாங்கியது. சென்ற மாதம் கல்யாணத்துக்காகக் காரைக்குடி வந்த அக்கா மகன் மாடத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, ஒரு முகத்துக்கு எதற்கு மூன்று?" என்று கேட்டான். பந்திக்கு நேரமாகிவிட்டதால் அவனுக்குச் சொன்ன பதில் பாதியில் நின்றுபோனது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பன்றிக் கட்சி. வாரத்தில் ஐந்து நாள் அதைத்தான் எடுக்கிறேன். ஆகவே இதை நடுநிலையான தீர்ப்பு என்று யாரும் எண்ண வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததை விரைவாகக் கடந்துவிடலாம். மென்மையில் பேட்ஜரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. விலையும் அதற்கேற்றபடி ஏறும். செயற்கை இழை மலிவு, சீக்கிரம் காயும், முதல் நாளே ஒழுங்காக வேலை செய்யும். பன்றி மயிர் முரடு, நாற்றமடிக்கும், பழக்கியெடுக்க வேண்டும். இதை மட்டும் படித்தால் பன்றியை யாரும் வாங்கமாட்டார்கள். நானும் வாங்கியிருக்கமாட்டேன், எங்கள் வீட்டுத் தண்ணீர் மட்டும் நல்ல தண்ணீராக இருந்திருந்தால்.

எங்கள் வீட்டில் சமையலுக்குக் குழாய்த் தண்ணீர், குளியலறைக்கு போர்த் தண்ணீர். அந்த போர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதைக் குளியலறைக் குழாயின் மூக்கைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். இதில் சோப்பு நுரைப்பதற்குள் பாதிப் பொறுமை போய்விடும். காரணம் எளிது. சவர சோப்பு பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலத்தைப் பொட்டாஷ், காஸ்டிக் சோடா ஆகியவற்றோடு சேர்த்துச் செய்வது. கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அந்த சோப்பைப் பிடித்துக்கொண்டு, நீரில் கரையாத வெள்ளைப் பிசுக்காக மாற்றிவிடும். வாளி ஓரத்தில் வளையமாக ஒட்டியிருப்பது அதுதான். தண்ணீரில் உள்ள அந்த உப்புகள் தம் பங்கைத் தின்று முடித்த பிறகு மிஞ்சுகிற சோப்பில்தான் நுரை வரும். அதாவது, நல்ல தண்ணீர்க்காரருக்கு ஒரு பங்கு சோப்பு போதுமென்றால் எனக்கு ஒன்றரைப் பங்கு வேண்டும்.

அந்த ஒன்றரைப் பங்கைக் கட்டியிலிருந்து பெயர்த்தெடுப்பது பிரஷ்ஷின் வேலை. மூன்றும் பிரிந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

பன்றி மயிர் தடிமனானது, முதுகெலும்பு உள்ளது. கடினமான சோப்புக் கட்டியின் மேல் அழுத்திச் சுழற்றினால் மடங்கிப் படுக்காமல் சுரண்டும். இருபது விநாடி சுற்றினால் நுனியெல்லாம் கெட்டியாக, களி போலச் சோப்பு ஏறியிருக்கும். பேட்ஜர் இதற்கு நேர்மாறு. அதன் மென்மையான நுனி கட்டியைத் தடவிக்கொடுக்கிறதே தவிர சுரண்டுவதில்லை. போதாததற்கு அது தண்ணீரை நிறையத் தேக்கி வைத்துக்கொள்ளும். வெளிநாட்டு விளம்பரங்களில் இதைத்தான் அதன் பெரிய சிறப்பாகச் சொல்கிறார்கள். மென்னீர் உள்ள ஊரில் சிறப்புதான். எங்கள் வீட்டில் அது தேக்கி வைப்பது உப்புத் தண்ணீரை. சோப்பு குறைவு, உப்பு அதிகம் என்றால் நுரை என்ன ஆகும்? முதல் பூச்சில் சரியாக இருக்கும். இரண்டாவது பூச்சுக்குக் கிண்ணத்தைப் பார்த்தால், அடுப்பை அணைத்த பால் போல அடங்கிப்போயிருக்கும்.

செயற்கை இழையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அது தண்ணீரைக் குடிப்பதில்லை, அதனால் சோப்பும் வீணாவதில்லை. ஆனால் வில் போலத் துள்ளுகிறது. கொஞ்சம் அழுத்தினால் கண்ணாடியிலும் சட்டையிலும் நுரை. ஏற்றிய சோப்பையெல்லாம் முதல் பூச்சிலேயே முகத்தில் கொட்டிவிட்டு, மூன்றாவது பூச்சுக்குக் கையை விரிக்கிறது. பன்றி மயிர் நுரையை உள்ளே பதுக்கி வைத்துக்கொண்டு, அழுத்தும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும்.

இது பிரஷ்ஷின் குணமா, தண்ணீரின் குணமா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. போன ஐப்பசியில் அதைத் தீர்த்துக்கொண்டேன். எங்கள் வீடு பழைய செட்டிநாட்டுக் கட்டு. நாலு பக்க ஓட்டுக் கூரையும் வளவின் நடு முற்றத்தை நோக்கிச் சரியும். முதல் மழையில் ஓட்டுத் தூசி வரும், அதை விட்டுவிட்டு இரண்டாவது மழையில் அண்டாவை வைத்துப் பிடித்தேன். அடுத்த மூன்று நாள் மழைத் தண்ணீரில் சவரம், நாளுக்கு ஒரு பிரஷ். பேட்ஜர் அன்றைக்குக் காட்டிய முகமே வேறு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த எங்கள் பட்டாலைச் சுவர் இருக்கிறதே, அந்த வழவழப்பில் நுரை, கடைசிப் பூச்சு வரை அடங்கவே இல்லை. செயற்கை இழையும் நன்றாகவே செய்தது. பன்றி மயிர் வழக்கம்போல. ஆக, மழைத் தண்ணீரில் மூன்றுக்கும் இடையே பெரிய பேதம் இல்லை, மென்மையைக் கணக்கில் எடுத்தால் பேட்ஜர் ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். அண்டா காலியானதும் பழைய கதை திரும்பிவிட்டது.

தண்ணீரைத் திருத்த வழி இல்லையா என்றால் இருக்கிறது. கொதிக்கவைத்து ஆறவிட்டால் கடினத்தின் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஆர்.ஓ. தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்தாலும் போதும். ஆனால் குடிக்கிற தண்ணீரைத் தாடைக்குக் கொண்டுபோனால் வீட்டில் எழும் கேள்விகளுக்குத் தினமும் பதில் சொல்ல வேண்டும். அதைவிடப் பிரஷ்ஷை மாற்றுவது எளிது.

இனி பழக்கும் கதை. புதுப் பன்றி மயிர் பிரஷ் முதல் வாரம் உங்களைச் சோதிக்கும். எனக்கு வந்தது இத்தாலியின் பொலோனா நகரத்து ஒமேகா நிறுவனத்தின் பிரஷ். ஆயிரத்து இருநூறு சொச்சம் கொடுத்தேன். பெட்டியைத் திறந்து வெந்நீரில் நனைத்ததும் மழையில் நனைந்த ஆட்டுக்கிடை வாடை. கன்னத்தில் தேங்காய் நார் தேய்த்த மாதிரி இருந்தது. கிண்ணத்தில் எவ்வளவு நுரை எழுப்பினாலும் பிரஷ்ஷே அதைத் தின்றுவிட்டு முகத்துக்கு ஒன்றும் தரவில்லை. தினமும் ஒன்றிரண்டு மயிர் உதிர்ந்தது. திருப்பி அனுப்பலாமா என்று நான்காம் நாள் யோசித்தேன்.

அப்புறம் வேப்பங்குச்சி நினைவுக்கு வந்தது. பல் துலக்கும் குச்சியை எடுத்ததும் யாரும் தேய்ப்பதில்லை. நுனியை மென்று மென்று தும்பாகப் பிரித்த பிறகுதான் தேய்ப்போம். பன்றி மயிருக்கும் இதே கணக்குத்தான். ஒவ்வொரு மயிரும் நுனியில் இரண்டு மூன்றாகப் பிளக்கும். அடிப்பகுதி முரடாகவே இருக்க, நுனி மட்டும் பஞ்சாகும். ஒரு வாரம் இரவில் சோப்பு நுரையோடு அப்படியே விட்டு, காலையில் அலசினேன். உட்கார்ந்திருக்கும் நேரத்தில் உள்ளங்கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தேன். வாடை பத்து நாளில் போனது. இருபதாவது சவரம் வாக்கில் கன்னம் அதை ஏற்றுக்கொண்டது. இப்போது மூன்றாவது வருடம் நடக்கிறது, முதல் வருடத்தைவிட நன்றாக இருக்கிறது. மற்ற இரண்டும் வந்த நாளில் எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருக்கின்றன. ஒரே ஒரு கடமை உண்டு: சவரத்துக்கு முன் இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வேண்டும். நான் பல் துலக்கும் நேரம் அதற்குச் சரியாக இருக்கிறது. கொதிக்கும் தண்ணீர் மட்டும் கூடாது, மயிரும் கெடும், அடியில் பிடித்திருக்கும் பசையும் விடும்.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. சித்தப்பாவின் பரிசு வருவதற்கு முன் இணையத்தில் 'அசல் பேட்ஜர்' என்று ஒன்றை மலிவாகப் பார்த்து வாங்கினேன். அசல் போலவே நடுவில் கறுப்புப் பட்டை. கிண்ணத்தில் ஊறவைத்ததும் தண்ணீர் கறுத்தது. பட்டையெல்லாம் சாயம், உள்ளே பன்றி மயிர். எனக்குக் காசோடு போயிற்று. முதல் உலகப் போர்க் காலத்தில் உயிரே போயிருக்கிறது. ஜெர்மனி வழியாக வந்துகொண்டிருந்த பேட்ஜர் மயிர் போரால் தடைப்பட்டபோது, குதிரை மயிருக்குப் பேட்ஜர் வேடம் போட்டு விற்றார்கள். சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத அந்த மயிரிலிருந்து ஆந்த்ராக்ஸ் தொற்றி, சவரம் செய்துகொண்ட படைவீரர்களும் பொதுமக்களும் இறந்தார்கள். இன்றைய பிரஷ்களுக்கு அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் பேட்ஜர் வேடம் மட்டும் நூறு வருடமாகக் கலையவில்லை.

வீட்டில் எழுந்த பெரிய எதிர்ப்பு அப்பத்தாவிடமிருந்து. "பன்றி மயிரையா முகத்தில் தேய்க்கிறாய்? சாமி அறைப் பக்கம் அதைக் கொண்டுவராதே" என்று உத்தரவு. இறைச்சிக்காக வளர்க்கும் பன்றியின் மயிர்தான், பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது, இதற்கென்று யாரும் கொல்வதில்லை என்றேன். அசையவில்லை. 1938-இல் அமெரிக்காவில் நைலான் பல் பிரஷ் விற்பனைக்கு வரும்வரை உலகமே பன்றி மயிரால்தான் பல் துலக்கியது என்று சொல்லிப் பார்த்தேன். "நான் என்றைக்கு பிரஷ்ஷால் துலக்கினேன்?" என்று கேட்டார். அத்துடன் வழக்கு முடிந்தது. பிரஷ்ஷின் இடம் குளியலறை மாடம் என்று தீர்ப்பானது.

அப்பத்தாவின் மனத்தடை பலருக்கும் இருக்கும். சைவமாக இருப்பவர்களுக்கும், பன்றியை விலக்கும் இஸ்லாமிய நண்பர்களுக்கும் செயற்கை இழைதான் பதில். அதை இரண்டாந்தரம் என்று நினைக்க வேண்டியதில்லை. பேட்ஜர் விஷயத்தில் எனக்கே கொஞ்சம் உறுத்தல் உண்டு. பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விலங்கைக் காக்கிறது, ஆனால் சந்தைக்கு வரும் மயிர் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. பரிசாக வந்ததை வைத்திருக்கிறேன், நானாக இன்னொன்று வாங்கமாட்டேன்.

காய்வதைப் பற்றிச் சுருக்கமாக. செயற்கை இழை மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். சித்திரை வெயிலில் பன்றி மயிர் மறுநாள் காலைக்குள் மொறுமொறுவென்று ஆகிவிடும். என்னுடைய பேட்ஜர் அடர்த்தியானது, அடியில் ஈரம் தங்குகிறது. அடைமழைக் காலத்தில் குளியலறையில் வைத்தால் எதுவும் காயாது. அப்போது வளவுத் தாழ்வாரத்தில் காற்றாட வைக்கிறேன், அப்பத்தா கண்ணில் படாத தூணாகப் பார்த்து. மாதம் ஒரு முறை, ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து சில நிமிடம் ஊறவைத்தால் வெள்ளைப் பிசுக்கு கழன்றுவிடும். போர்த் தண்ணீர்க்காரர்கள் இதை விடக் கூடாது.

எது எத்தனை வருடம் உழைக்கும் என்பதில் என் சாட்சி பலவீனமானது. பேட்ஜரை மொத்தமாக இரண்டு மாதம்தான் புழங்கியிருப்பேன், செயற்கை இழையை எட்டு மாதம். டியூப் கிரீம் பயன்படுத்துகிறவர்களுக்கு மேலே சொன்ன சுரண்டல் கணக்கும் அவ்வளவாகப் பொருந்தாது. கிரீமைப் பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை, எந்த பிரஷ்ஷும் குழைத்துவிடும். என் கணக்கெல்லாம் கட்டி சோப்புக்கும் உப்புத் தண்ணீருக்கும்.

அக்கா மகனுக்கு என்ன சொன்னேன் என்றால், மாதத்தில் பாதி நாள் ஹோட்டலில் இருக்கிறவன் நீ, ஈர பிரஷ்ஷைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு அலையாதே, செயற்கை இழையை எடுத்துக்கொண்டு போ என்றேன். எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆக, மாடத்தில் இப்போது இரண்டுதான் என்று முதல் வரியைத் திருத்த வேண்டும். அடுத்த ஐப்பசியில் அண்டா நிரம்பினால் பேட்ஜரை மறுபடி எடுத்துப் பார்ப்பேன். நடுவில் சித்தப்பா ஊருக்கு வந்தால், அவர் குளியலறைக்குப் போவதற்கு முன் அதைக் கொஞ்சம் நனைத்து வைக்க வேண்டும்.