கோவளத்தில் இரண்டு நாள் அலைச்சறுக்குப் போட்டிப் பயிற்சி: கணக்கில் தெளிவு, கயிற்றில் குறை

கோவளம் கடற்கரையை ஒட்டியுள்ள ஓர் அலைச்சறுக்குப் பயிற்சி நிலையம், போட்டிக்குத் தயாராகும் சிறுவர்களுக்கென நடத்திய இரண்டு நாள் வகுப்பில் என் மகளைச் சேர்த்திருந்தேன். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றதைப் பார்த்த நாள் முதல், தானும் போட்டியில் இறங்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பலகையில் நிற்கக் கற்றுத்தருபவர்கள் இந்தக் கரையில் பலர் இருக்கிறார்கள். ஆனால், போட்டியின் விதிகளைப் பொறுமையாக உட்கார வைத்துச் சொல்லித்தருபவர்களை நான் இங்கேதான் முதன்முதலாகக் கண்டேன்.

முதல் நாள் காலை முழுவதும் மதிப்பெண் பற்றியே பாடம். ஐந்து நடுவர்கள் ஒவ்வோர் அலைக்கும் பத்துக்குள் மதிப்பெண் இடுவார்கள். அவற்றில் மிக உயர்ந்ததையும் மிகக் குறைந்ததையும் நீக்கிவிட்டு எஞ்சிய மூன்றின் சராசரியை எடுப்பார்கள். ஒரு சுற்றில் எத்தனை அலை ஏறினாலும் சிறந்த இரண்டு மட்டுமே கூட்டப்படும் என்பதால் மொத்தம் இருபதுக்கு. இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாமல், 2024 ஒலிம்பிக்கில் தஹிதித் தீவின் தெயாஹுபோவில் பிரேசில் வீரர் கேப்ரியல் மெதினா ஏறிய அலையின் காணொளியை மதிப்பெண் தெரியாதபடி ஓடவிட்டு, பிள்ளைகளையே நடுவர்களாக்கினார் பயிற்சியாளர். ஐந்து பேர் முறையே 8, 9, 9.5, 8.5, 10 என்று எழுதினார்கள். எட்டையும் பத்தையும் அடித்துவிட்டுக் கணக்கிட்டபோது 9 வந்தது. உண்மையில் கிடைத்தது 9.90 என்று அவர் சொன்னதும், தாங்கள் எதைக் கவனிக்கத் தவறினோம் என்ற விவாதம் அரைமணி நேரம் நீண்டது. எவ்வளவு துணிந்து அலையின் ஆபத்தான பகுதிக்குள் நுழைந்தார், திருப்பங்களில் வகையும் புதுமையும் இருந்தனவா, வேகமும் வலிமையும் ஓட்டமும் அறுபடாமல் வந்தனவா என்று பார்க்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் அந்த அரைமணியில்தான் கற்றார்கள். நிறைய அலை ஏறினால் வெல்லலாம் என்று நினைத்திருந்த என் மகள், அன்று மாலையே நல்ல அலைக்குக் காத்திருக்கத் தொடங்கினாள்.

அடுத்த அலையில் ஏறும் முதல் உரிமை யாருக்கு என்று சொல்லும் முன்னுரிமை விதியைக் கற்பித்த விதத்தை இன்னும் ஒருபடி மேலாகவே சொல்வேன். சிவப்பு, வெள்ளை, நீலச் சட்டை அணிந்த மூவரை ஈர மணலில் நிறுத்தி, யார் அலை ஏறினாலும், அல்லது ஏற முயன்று தவறவிட்டாலும், முன்னுரிமையை இழந்து வரிசையில் பின்னே போவதை நடந்து காட்ட வைத்தார்கள். முன்னுரிமை உள்ளவரின் பாதையில் குறுக்கே வந்தால், வந்தவரின் இரண்டாவது சிறந்த அலை சூழ்நிலையைப் பொறுத்துப் பாதியாகும் அல்லது கணக்கிலேயே வராது. "இது மார்க்குக்காக மட்டும் இல்லம்மா, ஒரு பலகை இன்னொருத்தர் தலையில படக்கூடாதுன்னுதான்" என்று பக்கத்துக் குப்பத்தில் வளர்ந்த அந்தப் பயிற்சியாளர் சொன்னது, பெற்றோராகிய எனக்கு அந்த இரண்டு நாளின் மிக முக்கியமான வாக்கியம். கடலில் இறங்குமுன் அவர் கரையோர மக்கள் 'வெள்ளம்' என்று சொல்லும் நீரோட்டத்தைக் காட்டி, அது எந்தப் பக்கம் இழுக்கிறது, மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் எப்படிக் குறுக்கே விலகி வர வேண்டும் என்பதையும் விளக்கினார்.

இவ்வளவு தெளிவாகப் பேசிய இடத்தில் கருவிகள் அந்தப் பேச்சுக்கு ஏற்றபடி இல்லை என்பதே என் வருத்தம். காலையும் பலகையையும் பிணைக்கும் லீஷ் கயிற்றின் கணுக்கால் பட்டையை மகளுக்குக் கட்டிவிடும்போது, ஒட்டும் பரப்பு முழுக்க மணல் ஏறி, இழைகள் தேய்ந்து படுத்திருந்தன. இரண்டு விரலால் இழுத்ததும் பிரிந்து வந்தது. கயிறு கழன்றால் சிறுமி தன் மிதவையை இழக்கிறாள் என்பதோடு, ஆளில்லாத பலகை அலையோடு பாய்ந்து கரையோரம் நிற்கும் சிறுவர்கள் மேல் மோதும். ஒரு பலகையின் அடியில் மீன் துடுப்புபோல் நீட்டியிருக்கும் ஃபின்னின் ஓரமும் உடைந்து கத்திபோல் இருந்தது. பொறுப்பாளரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை, மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். பயிற்சிச் சுற்றுகளின்போது கடலுக்குள் மீட்புப் பலகையோடு ஒருவர் எப்போதும் இருந்ததையும் நான் மறைக்க விரும்பவில்லை.

கட்டணம் நியாயமானதே. கற்பித்தலுக்காக மீண்டும் அனுப்புவேன். ஆனால் சொந்தக் கயிறு வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்புவேன். ஏனெனில், இரண்டாம் நாள் காலையில் என் மகளின் பலகைக்கு மட்டும் புதிய கயிறு வந்திருந்தது. மற்ற ஐந்து பிள்ளைகளின் கால்களில் பழைய பட்டைகளே இருந்தன.