மெக்சிகன் கடை டொமட்டிலோவும் என் பச்சை சல்சாவும்

ஹூஸ்டனில் எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கும் மெக்சிகன் மளிகைக் கடையில்தான் இப்போதெல்லாம் டொமட்டிலோ வாங்குகிறேன். பச்சைத் தக்காளி என்று நினைத்துவிடாதீர்கள். இது நம்மூர் சொடக்குத் தக்காளிக்கு நெருங்கிய சொந்தம்; காகிதம் மாதிரி உறை இருக்கும். உரித்தால் விரல் பிசுபிசுக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினால் போய்விடும்.

பச்சை சல்சாவுக்கு (மெக்சிகோக்காரர்கள் தொட்டுக்கொள்ளும் பதார்த்தம்) அரைக் கிலோ காய், இரண்டு செரானோ மிளகாய், பாதி வெங்காயம், தோலோடு இரண்டு பல் பூண்டு. எண்ணெய் விடாமல் இரும்பு தோசைக்கல்லில் போட்டு, அங்கங்கே கருகி, பளிச்சென்ற பச்சை மங்கி, காய் தளரும்வரை விட்டேன். வெடித்து வழியும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், புளிப்பே அதில்தான். பூண்டுத் தோலை நீக்கி, கொத்தமல்லி, உப்பு சேர்த்து மிக்சியில் இரண்டே சுற்று. மையாக அரைத்தால் சட்னிதான். (என் வீட்டுக்காரர் அதைத்தான் கேட்கிறார், அது வேறு கதை.)

கடை மேல் ஒரு வருத்தம். போன வாரம் வாங்கியதில் நாலு காய் உறைக்குள்ளேயே அழுகிக் கிடந்தது. உறையை லேசாக விலக்கிப் பார்த்து, கெட்டியாக இருப்பதை மட்டும் பொறுக்குங்கள். விலையைக் குறை சொல்ல முடியாது. கடைக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண் கொடுப்பேன்.

மறுநாள் ஃப்ரிட்ஜில் சல்சா ஜெல்லி மாதிரி இறுகியிருந்தால் பதறாதீர்கள். காயில் இருக்கும் பெக்டின் என்ற இயற்கைப் பசை செய்கிற வேலை அது. ஒரு கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்குங்கள்.