‘ஆர்க்கிட் மிக்ஸ்’ என்றால் அப்படியே நம்பாதீர்கள், கொட்டிப் பாருங்கள்

சென்னை ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் நர்சரிகளில் ஆர்க்கிட்டைத் தொட்டி மாற்றக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

மழைக்கு முன்னால் என் டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட் செடிகளை ஒரு நர்சரியில் கொடுத்தேன். மரக்கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தேன். "அதேதான் மேடம், எங்க ஸ்பெஷல் ஆர்க்கிட் மிக்ஸ்" என்றார் கடைக்காரர். தொட்டிக்கு 350 ரூபாய். திரும்பி வந்தபோது மேலே கரித்துண்டுகள் பளிச்சென்று இருந்தன.

மழை பிடித்ததும் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. செடியைத் தொட்டாலே ஆடியது. கவிழ்த்துக் கொட்டினால், மேலே இரண்டு விரல் உயரத்துக்குத்தான் கரி. அடியில் முழுக்கக் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) செம்மண்ணும். பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது, புளித்த வாடை வேறு. வேரைப் பிடித்து இழுத்தேன். மேல்தோல் கழன்று கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல் மாதிரி நரம்புதான் மிச்சம்.

போய்க் கேட்டதற்கு, "மழையில எல்லாமே அழுகத்தான் செய்யும்" என்று பதில். பணமும் தரவில்லை. அதே பால்கனியில் அதே மழையில் நனைந்த என் பழைய டென்ட்ரோபியம், வெறும் கரியில் இருப்பது, இப்போதும் புது வேர் விடுகிறது. அப்புறம் மழையை எப்படிக் குறை சொல்வது?

இது மரத்தில் ஒட்டி வளர்கிற செடி. வேர் நனைய வேண்டும், உடனே காற்றில் காயவும் வேண்டும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம்; கோகோபீட் காயவே காயாது, வேருக்குக் காற்றும் போகாது. சரியாகக் கழுவாத மட்டையிலும் கோகோபீட்டிலும் உப்பு வேறு இருக்கும், இலை நுனி கருகிவிடும்.

ஆகவே, மிக்ஸ் பையையோ தொட்டியையோ அடிவரை கிளறிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். அடி ஓட்டை வழியாகச் சடசடவென்று ஓடிவிட வேண்டும். மேலே தேங்கினால் வாங்காதீர்கள். இதைச் செய்ய விடாத கடையில் செடியைக் கொடுக்கவே வேண்டாம்.

கரிக்கடையில் மரக்கரி வாங்கி, தூளைச் சலித்து, உடைந்த ஓட்டுத் துண்டோடு கலந்தாலே டென்ட்ரோபியத்துக்குப் போதும். மட்டை சேர்த்தால் காய்ந்த மட்டையாகப் பார்த்து, சில நாள் ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றுங்கள். வாண்டா வகை ஆர்க்கிட்டுக்கு அதுவும் வேண்டாம், வெறும் கூடையில் தொங்கவிட்டாலே போதும். அதற்கும் ‘மிக்ஸ்’ விற்கப் பார்ப்பார்கள்.