ராபிட்எம்கியூவா, காஃப்காவா? சின்னக் குழுவுக்கு எது தோது

கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் ஓடர் மென்பொருள், பேலியகொடை களஞ்சியத்தில் ஸ்டொக் மென்பொருள், அப்புறம் கணக்குப் பகுதி. மூன்றும் ஒன்றையொன்று நேரடியாக அழைத்துக்கொண்டிருந்ததால், களஞ்சியத்தின் இணைப்பு அறுந்தால் இங்கே ஓடரும் எடுக்க முடியாது. நடுவில் ஒரு மெசேஜ் புரோக்கர், அதாவது செய்திகளை வாங்கி வைத்து உரிய மென்பொருளிடம் சேர்க்கும் ஒன்று, வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ராபிட்எம்கியூ, காஃப்கா என்ற இரண்டு புரோக்கர்களில் எதை எடுப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது. ராபிட்எம்கியூவை எடுத்தோம். இன்றும் என் ஓட்டு அதற்கே.

விலை, வேகம் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இரண்டும் திறமூல மென்பொருள்கள், எங்கள் அளவு வியாபாரத்துக்கு இரண்டின் வேகமும் தாராளம். காஃப்காவை ஒருங்கிணைக்க சூகீப்பர் என்ற இன்னொரு மென்பொருளைத் தனியாக ஓட்ட வேண்டும் என்ற பழைய குறையும் 2025இல் வந்த 4.0 பதிப்போடு போய்விட்டது.

என்னைப் பொறுத்தவரை தீர்மானிப்பது ஒன்றுதான்: ஒரு செய்தி சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்?

ராபிட்எம்கியூவில் ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனியாக 'அக்', அதாவது வேலை முடிந்தது என்ற ஒப்புதல், கொடுக்கிறோம். வாடிக்கையாளர் இலக்கம் பிழையான ஓர் ஓடரைக் கணக்கு மென்பொருள் நிராகரித்தால், அது டெட் லெட்டர் கியூவுக்கு, அதாவது தோற்ற செய்திகளுக்கென நாம் அமைத்துவைத்த தனி வரிசைக்கு, ஒதுங்கிவிடும். பின்னால் நிற்பவை நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் வருபவர் பிரௌசரில் மனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்து, என்ன பிழை என்று பார்த்து, சரியான செய்தியை மறுபடி அனுப்பலாம். நிராகரிக்கும்போது 'ரீகியூ' (மறுபடி அதே வரிசையில் போடுவது) வேண்டாம் என்று சொல்ல மட்டும் மறக்கக் கூடாது; மறந்தால் அதே செய்தி திரும்பத் திரும்ப வந்து நிற்கும்.

காஃப்கா அடிப்படையில் ஒரு பதிவேடு. எதுவரை வாசித்தோம் என்பதைத்தான் ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் (பதிவேட்டின் ஒவ்வொரு பகுதியிலும்) குறித்துக்கொள்கிறது. நடுவில் ஒரு பழுதான செய்தி வந்தால் அங்கேயே நிற்க வேண்டும், அல்லது தாண்டிப் போக வேண்டும். ஒதுக்கிவைத்து மறுபடி முயல்வதற்கான டொபிக்கும் (செய்திகளைப் போடும் தனிப் பதிவேடு) நிரலும் நம் பொறுப்பு. ஜாவா நிரலாளர்களுக்கான ஸ்பிரிங் கட்டமைப்பைப் பாவித்தால் அதில் பாதி கிடைக்கும், ஆனால் பராமரிப்பவர் நாம்தானே. செய்திவாரியாக 'அக்' கொடுக்கும் ஷெயார் குரூப் வசதி 4.0இல் முன்னோட்டமாக வந்தது. அதை நான் ஓட்டிப் பார்த்ததில்லை.

காஃப்கா வெல்லும் இடம், பழையதைத் திரும்ப வாசிப்பது. இயல்பு அமைப்பிலேயே 7 நாள் செய்திகள் இருக்கும். புதிதாக ஒரு அறிக்கை மென்பொருள் வந்தால் பின்னோக்கிப் போய் வாசிக்கலாம். ராபிட்எம்கியூவின் சாதாரணக் கியூவில் 'அக்' கொடுத்தது போனதுதான். திரும்ப வாசிக்கக்கூடிய ஸ்ட்ரீம் என்ற வகை அதிலும் 3.9 பதிப்பு முதல் உண்டு, எங்களுக்கு அதில் அனுபவமில்லை. மிகப் பெரிய பாரத்தில் இரண்டும் எப்படி நடக்கும் என்பதையும் நான் சொல்ல மாட்டேன்.

ராபிட்எம்கியூவை எடுப்பதானால், டெட் லெட்டர் கியூவில் ஒரு செய்தி விழுந்தாலும் யாராவது ஒருவருக்கு எச்சரிக்கை போகும்படி முதல் நாளே அமைத்துவிடுங்கள்.