சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ்: நான்கு வருட அனுபவம்

வேளச்சேரியில் இரண்டாவது மாடி வாடகை வீடு. 12-க்கு 10 அடி ஹாலில் 5.25 அங்குல ஊஃபர் (தாழ்ந்த சத்தங்களைத் தரும் பெரிய வட்டு) கொண்ட ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். வாங்கி நான்கு வருடம் முடிந்துவிட்டது. முதல் நாளே குரலும் வீணையும் அவ்வளவு தெளிவாகக் கேட்டன. தவில்தான் ஏமாற்றியது. தவிலின் ஒரு பக்கமான வலந்தலையில் விரல் விழுவது துல்லியமாகக் கேட்டது; மறுபக்கமான தொப்பியில் கழி விழும்போது நெஞ்சில் வந்து மோத வேண்டிய கனம், அதாவது பேஸ் எனப்படும் தாழ்ந்த சத்தம், வரவில்லை.

ஸ்பீக்கருக்குச் சக்தி தரும் ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயர்) பேஸ் குமிழை முழுசாகத் திருகி வைத்தேன். ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியதும் இடது ஸ்பீக்கர் 'டக் டக்' என்று அடித்தது, அப்புறம் குரல் பிசிறியது. முன்னும் பின்னும் அசைந்து சத்தம் எழுப்பும் கோனின் இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தேன். உள்ளே மணல் உரசுவது போல ஒரு சரசரப்பு. கோனை அசைக்கும் கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) கருகிவிட்டது. ஊஃபரையே மாற்ற வேண்டியதாயிற்று.

தப்பு என்னுடையதுதான். 80 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 80 அதிர்வு) வரும் அதே சத்தம் 40 ஹெர்ட்ஸிலும் வர வேண்டுமென்றால் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். குமிழில் 6 டெசிபல் கூட்டினால் அந்தப் பகுதிக்கு ஆம்ப் நான்கு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். போதாக்குறைக்கு என் பெட்டியில் போர்ட், அதாவது பேஸைக் கூட்ட விட்ட காற்றுத் துளை, உண்டு. போர்ட் டியூன் செய்யப்பட்ட ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விட்டால் பெட்டிக்குள் இருக்கும் காற்று கோனைத் தாங்கிப் பிடிக்காது. கோன் பிடிமானமில்லாமல் ஆடும், சத்தமும் வராது. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த சக்தியில் நிறைய சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். 1954-இல் எட்கர் வில்ச்சர் மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங் போலப் பயன்படுத்தி ஏஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். சின்னப் பெட்டியில் அவ்வளவு ஆழமான பேஸ் அன்றைக்குப் பெரிய விஷயம். ஆனால் அதுவும் ஆம்ப்பிடம் கூடுதல் சக்தி கேட்டது.

எனக்கு உண்மையான திருப்பம் நாற்காலியை நகர்த்தியபோது வந்தது. ஹாலின் நீளவாக்கில் சரியாக நடுவில் உட்கார்ந்துதான் கேட்டுக்கொண்டிருந்தேன். எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் சத்தம் ஒன்றோடொன்று சேர்ந்து, அறைக்குள் நகராமல் நிற்கும் அலையாகிவிடும்; இதை 'நிலை அலை' என்பார்கள். 12 அடி நீளத்துக்கு முதலாவது நிலை அலை சுமார் 47 ஹெர்ட்ஸில் உருவாகும். சுவர் ஓரம் அது கனமாக இருக்கும், நட்டநடுவில் கிட்டத்தட்ட மறைந்துவிடும். பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். அதை ஒட்டிய சுரங்கள் எல்லாம் நான் உட்கார்ந்த இடத்தில்தான் காணாமல் போயிருக்கின்றன. நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளினேன். பைசா செலவில்லாமல் பாட்டுக்குக் கீழே ஒரு தளம் வந்து உட்கார்ந்தது. இதை ஏன் முதல் நாளே யாரும் சொல்லவில்லை என்று அன்றைக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

ஸ்பீக்கர்களையும் சுவரை ஒட்டி வைத்துப் பார்த்தேன். பேஸ் கூடியது, ஆனால் 'கும் கும்' என்று ஒரே சுரமாகக் குழம்பியது. ஒவ்வொரு போர்ட்டிலும் ஒரு பருத்திக் காலுறையைச் சுருட்டி வைத்ததும் குழப்பம் அடங்கியது. இன்றைக்கும் அந்தக் காலுறைகள் அங்கேதான் இருக்கின்றன.

இரண்டாம் வருடம் 8 அங்குல மூடிய பெட்டி சப்வூஃபர் (ஆழமான பேஸுக்கு மட்டுமான ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) ஒன்று சேர்த்தேன். வைக்க இடம் தேட ஒரு நல்ல வழி உண்டு. சப்பைத் தூக்கி நாம் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, தரையோடு தரையாகத் தவழ்ந்து போய்க் கேட்க வேண்டும். எங்கே எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ, அங்கே சப்பை வைக்கலாம். கதவு மூலையில் ஒரு சுரம் மட்டும் ஊதிப் பெருத்தது. பீரோவுக்குப் பக்கத்தில் சமமாக இருந்தது, ஆனால் பீரோக் கதவு கிடுகிடுத்தது. இடுக்கில் செய்தித்தாளை மடித்துச் சொருகியதும் சரியாயிற்று.

சப் வந்ததில் நான் எதிர்பார்க்காத லாபம் குரலில் கிடைத்தது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சின்ன ஸ்பீக்கர்களுக்கு அனுப்பாமல் ஆம்ப்பிலேயே வெட்டிவிட்டேன். பெரிய அசைவு வேலையிலிருந்து அந்த ஊஃபர்களுக்கு விடுதலை. சத்தம் கூட்டினாலும் பாடகரின் மூச்சு கலங்காமல் கேட்கிறது. சப்பின் அளவை மட்டும் அடக்கி வையுங்கள்: அது ஓடுவது தெரியக் கூடாது, அணைத்தால் வெறுமை தெரிய வேண்டும்.

நான்கு வருட உப்புக்காற்றில் கோனைச் சுற்றியிருக்கும் ரப்பர் விளிம்புகள் அப்படியே இருக்கின்றன. பழைய செட்டில் இருந்த ஃபோம் விளிம்பு தொட்டாலே உதிர்ந்தது, அதனால் இந்த முறை பார்த்துத்தான் வாங்கினேன்.

ஒரே குறை கீழ் வீடு. "தம்பி, ராத்திரி கட்டில் அதிருதுப்பா" என்று அந்த அம்மா படியேறி வந்து சொன்னார். சப்புக்கு அடியில் கனமான ரப்பர் பாய் போட்டேன். தரை அதிர்வு குறைந்தது, ஆனால் காற்றில் போகும் பேஸை இந்தச் சுவர்கள் நிறுத்தாது. இப்போது இரவு ஒன்பது மணிக்கு சப்பை அணைத்துவிட்டு சின்ன ஸ்பீக்கர்களில் மட்டும் கேட்கிறேன். பேஸ் கிட்டாரின் 41 ஹெர்ட்ஸ் வராவிட்டாலும் அதோடு சேர்ந்து ஒலிக்கும் இரண்டு மடங்கான 82 ஹெர்ட்ஸ் வருகிறது, மீதியைக் காது நிரப்பிக்கொள்கிறது. தொப்பியின் கனத்துக்கு மட்டும் மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டும்.