சாயம் குறைந்த வைன்: நுவரெலியாக் குளிரில் மூன்று பினோ நுவார்

தேயிலைப் பெக்டரியில் ருசி பார்ப்பது என் வேலை. காலையில் வரிசையாக வைத்த கோப்பைகளைச் சத்தமாக உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பிக்கொண்டே போவேன். அந்தப் பழக்கத்தோடுதான் இந்த வைன்களையும் பார்த்தேன், எழுதுவதும் அப்படித்தான் இருக்கும்.

ஜனவரியில் மெல்பேர்னிலிருந்து வந்த மச்சான் இரண்டு போத்தல் பினோ நுவார் கொண்டுவந்தார், அந்தப் பெயருள்ள கறுத்தத் திராட்சையில் செய்யும் சிவப்பு வைன் அது. ஒன்று அவர் ஊருக்குப் பக்கத்து மோர்னிங்டன் குடாநாடு, மற்றது நியூசிலாந்தின் சென்ட்ரல் ஒட்டாகோ. பினோவுக்குத் தாய்வீடு பிரான்சின் பர்கண்டி, அது இல்லாமல் எப்படி என்று பர்கண்டி ஒன்றை நானே இங்கே வாங்கினேன். அதில் பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

முதல் கிளாஸ் ஊற்றியதும் அண்ணன் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், இதுல தண்ணி கலந்திருக்கா?" என்று கேட்டார். கிளாஸுக்குப் பின்னால் பிடித்த விரலின் ரேகை தெரிகிற அளவுக்கு மெல்லிய சாயம். அவர் குடித்துப் பழகிய சிவப்பு வைன் எல்லாம் கறுப்புக்குக் கிட்டப் போகிற நிறம். ஆனால் சிவப்பு வைனுக்கு நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் திராட்சைத் தோலிலிருந்துதான் வருகின்றன, பினோவின் தோல் மெல்லியது, அவ்வளவுதான் விஷயம். நுவரெலியாத் தேயிலையும் அதே குணம். இரத்தினபுரி, காலிப் பக்கத்துத் தேயிலை போலக் கறுத்த சாயம் இறங்காது, ஆனால் கோப்பையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவரும்போதே மணம் வந்துவிடும். சாயத்தை வைத்து மதிப்புப் போட்டால் இரண்டிலும் ஏமாந்துபோவோம்.

இந்தத் திராட்சைக்குக் குளிர் ஏன் வேண்டும் என்பதும் நம் ஆட்களுக்கு எளிதில் விளங்கும். வெயில் கூடிய ஊரில் அவசரமாகப் பழுத்து, சீனி ஏறிப் புளிப்பு இறங்கி, மணம் சேருவதற்குள் பறிக்கிற நாள் வந்துவிடும். குளிரில் மெதுவாகப் பழுக்கும். ஆனால் பினோ சீக்கிரமே துளிர்விடுகிற இனம், அதனால் ஏப்ரலில் உறைபனி விழுந்தால் துளிர் போய்விடும், பர்கண்டியில் அப்படிப்பட்ட இரவுகளில் கொடி வரிசைகளுக்கிடையே மெழுகு நிரப்பிய வாளிகளைக் கொளுத்திவைத்துக் காவல் இருப்பார்கள். பனி விழுந்த காலையில் பள்ளத்து மலையில் கொழுந்து கருகிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த இரவு எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, ருசிக்கு வருவோம். பினோவை 13 முதல் 16 பாகை செல்சியஸில் குடிப்பது நல்லது. கொழும்பில் அதற்கு ஃப்ரிட்ஜ் வேண்டும். இங்கே குசினிச் சீமெந்துத் திண்டில் வைத்த போத்தலைத் தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்தேன், 15. ஒரு கிளாஸை மட்டும் வேண்டுமென்றே அடுப்புக்குக் கிட்ட வைத்துச் சூடேற விட்டோம். அதே போத்தல், அதே கிளாஸ், ஆனால் பழ வாசம் மங்கிச் சாராய நெடிதான் மேலே வந்தது. இந்த ஒரு விஷயத்தில் மலையகத்துக்காரர்களுக்கு இயற்கையே உதவி.

மூன்றில் எனக்கு முதலிடம் மோர்னிங்டன். மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலம், கடல்காற்றுதான் அதற்குக் குளிர். மூடியைத் திறந்ததும், நம் ஊர்த் தோட்டத்தில் அன்றே பறித்த ஸ்ட்ரோபெரியைக் காம்பு கிள்ளும்போது வருமே, அந்த வாசம். வாயில் கனமில்லை, புளிப்பு நாக்கின் ஓரங்களை மெல்லக் கூசவைத்து, விழுங்கிய பிறகும் நிற்கிறது. நல்ல தேயிலையில் நாங்கள் தேடுகிற உயிர்ப்பு இதில் இருந்தது.

ஒட்டாகோ வேறு ஆள். தென் அகலாங்கு 45 பாகையை ஒட்டிய உள்நாட்டு மலைகள், பகலில் நல்ல வெயில், இரவில் கடும் குளிர். சாயமும் கூட, லேபிளில் மதுசாரம் 14 வீதம். கறுத்த பழ ருசிக்குப் பின்னால் ஓம வாசம் போல ஒன்று வந்தது. அந்தச் சரிவுகளில் தைம் என்ற வாசனை மூலிகை காடாக மண்டிக் கிடக்கிறது, தைமிலும் ஓமத்திலும் இருப்பது தைமோல் என்ற ஒரே மணப்பொருள்தான், ஆனால் வைனில் வந்த வாசம் அதனால்தான் என்று நான் சொல்ல வரவில்லை. பிடித்தது, ஆனால் இரண்டாவது கிளாஸில் அலுத்துவிட்டது.

பர்கண்டியில்தான் காசும் மனமும் நொந்தது. ஒரு கடையில் வெயில் விழும் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்திருந்த போத்தல், தக்கை லேசாக மேலே தள்ளியிருந்ததை நான் கவனிக்கவில்லை. திறந்தால் காய்ச்சிய ஜாம் நாற்றம், ஓரத்தில் பழுப்பு. சூட்டில் கெட்டுப்போன வைன். இறக்குமதி வரியோடு சேர்த்து அவ்வளவு விலை வாங்குகிறவர்கள் சரக்கை வெயிலில் வைப்பது பெரிய அநியாயம். நீங்கள் வாங்கும்போது தக்கையைக் கட்டாயம் தடவிப் பாருங்கள்.

பிறகு குளிரறை வைத்திருக்கும் வேறொரு கடையில், பூர்கோன்ய (பர்கண்டியின் பிரெஞ்சுப் பெயர்) என்று மட்டும் லேபிளில் இருந்த எளிய பர்கண்டி ஒன்றை வாங்கினேன். முதல் கிளாஸ் வாயே திறக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, மழை விட்ட பிறகு மரத்தடியில் நனைந்து கிடக்கும் சருகின் வாசமும் காளான் வாசமும் வந்தன, பழம் அதற்குப் பின்னால்தான். மிளகு போட்ட காளான் பிரட்டலோடு குடித்தபோது இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிட்டன. பீட்ரூட்டோடும் நன்றாக இருந்தது. அக்கா வைத்த உறைப்பான கோழிக்கறியோடு மூன்றுமே தோற்றுப்போயின, மிளகாய்க்கு முன்னால் இந்த மணம் நிற்காது.

மச்சான் தீபாவளிக்குத் திரும்ப வருகிறார். மோர்னிங்டன் இரண்டு போத்தல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், ஒன்றை அவர் இருக்கும்போதே திறப்போம், மற்றதைப் பெக்டரி நண்பர்களோடு தேயிலைக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்து ருசி பார்க்க வேண்டும்.